யாரும் அடிக்காமலே உடைந்த கண்ணாடி

"மாமா, சத்தியமா நான் அடிக்கலை!"

எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் நின்றான். கையில் ரப்பர் பந்து. அவனுக்குப் பின்னால் என் அண்ணனின் கார். கிராஸ்ஓவர் என்கிறார்களே, காரைப் போல ஓட்டத்துக்கு இதமாகவும் ஜீப்பைப் போலக் கொஞ்சம் உயரமாகவும் இருக்கும் வண்டி, அந்த வகை. டிக்கி தனியாக இருக்காது. பின்பக்கம் முழுவதுமே ஒரு கதவு. கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கிக்கொள்ளும்.

அந்தக் கண்ணாடிதான் உடைந்திருந்தது. வெள்ளை வெளேரென்று, உள்ளே இருக்கும் சீட் கூடத் தெரியாத அளவுக்கு. பாதி இன்னும் சட்டத்திலேயே ஒட்டி நின்றது. மீதி தரையில் கல்கண்டைக் கொட்டினாற்போல் கிடந்தது.

அன்றைக்கு மே மாதத்துச் சனிக்கிழமை. மத்தியானம் முழுக்கக் கொளுத்தும் வெயில். நாலரை மணிக்குச் சடசடவென்று ஒரு மழை, ஐந்தே நிமிடம். மழை விட்டதும் பையன்கள் மட்டையோடு இறங்கினார்கள். முதல் பந்து போட்டு முடிக்கவில்லை, 'டொப்' என்று வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வண்டிக்குப் பக்கத்தில் பந்தோடு நின்றவன் இவன். அண்ணன் வேறு யாரைப் பார்ப்பார்?

நான் அவனைத் திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு இருவருமாகப் போய் அந்தக் கண்ணாடியைப் பார்த்தோம். தொடவில்லை, பார்க்க மட்டும் செய்தோம். உடைந்த கண்ணாடி தன் கதையைத் தானே எழுதி வைத்திருக்கும். படிக்கத் தெரிந்தால் போதும்.

சட்டத்தில் நின்றிருந்த பாதியில் ஆயிரக்கணக்கான விரிசல்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் அவை கண்டபடி ஓடவில்லை என்று புரிந்தது. விசிறியின் மடிப்புகள்போல எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பி விரிந்தன. அந்த இடம் வலது பக்கக் கீழ் மூலை. பையன் நின்றதோ இடது பக்கம்.

"அங்கேதான் ஆரம்பிச்சிருக்கு" என்றேன். அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

சரி, அந்த மூலையில் என்ன நடந்தது? அதற்கு முன்னால், கார்க் கண்ணாடி வீட்டு ஜன்னல் கண்ணாடியைப் போல நீள நீளமாகக் கத்திபோல உடையாமல் ஏன் கல்கண்டாக உதிர்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். விடை தெரிந்தால் மூலையின் கதை தானாகவே அவிழும்.

கண்ணாடி என்பது மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை 1500 டிகிரி செல்சியசை ஒட்டிய சூட்டில் உருக்கி எடுப்பது. உருகிய குழம்பை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டால், தண்ணீர்மேல் எண்ணெய் பரவுவது மாதிரி, மட்டமான தகடாகப் பரவும். இங்கிலாந்தின் அலஸ்டர் பில்கிங்டன் கண்டறிந்து 1959-இல் உலகுக்கு அறிவித்த முறை இது. இன்றைக்கு நாம் பார்க்கும் ஜன்னல், கார், கடை முகப்புக் கண்ணாடி எல்லாம் பெரும்பாலும் இப்படி மிதந்து வந்தவைதான். நம் ஸ்ரீபெரும்புதூரிலும் இந்த முறையில் கண்ணாடி வார்க்கிறார்கள்.

இந்தத் தகட்டை அப்படியே காரில் மாட்ட முடியாது. உடைந்தால் ஆளைக் கிழித்துவிடும். அதனால் முதலில் காரின் அளவுக்கு வெட்டுகிறார்கள். ஓரங்களை மழுங்கத் தேய்க்கிறார்கள். வைப்பர் தண்டு நுழைய ஓட்டை வேண்டுமா, அதையும் அப்போதே போடுகிறார்கள். பிறகு 600 டிகிரிக்கு மேலே சூடாக்கி, அது இளகிய நிலையில் வளைத்து, இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான குழாய்முனைகளிலிருந்து குளிர்காற்றைச் சட்டென்று ஊதுகிறார்கள். சில நொடி வேலை. மந்திரம் இங்கேதான் நடக்கிறது.

அம்மா கஞ்சி காய்ச்சி இறக்கியதும் பார்த்திருக்கிறீர்களா? மேலே ஆடை கட்டிவிடும், உள்ளே இன்னும் கொதிக்கும். கண்ணாடியிலும் அதேதான். காற்றுப் பட்டதும் வெளிப்பக்கம் இறுகிவிடுகிறது. நடுப்பகுதி இன்னும் சூடாகவே இருக்கிறது. சிறிது நேரம் கழித்து அதுவும் ஆறுகிறது. ஆறினால் சுருங்க வேண்டும் அல்லவா? ஆனால் ஏற்கெனவே இறுகிவிட்ட வெளிப்பக்கம் விடுமா? உள்ளே இருப்பது "நான் சுருங்குகிறேன், நீயும் வா" என்று இழுக்கிறது. வெளியே இருப்பது நகர முடியாமல் நெருக்குண்டு நிற்கிறது.

பாட்டி வீட்டுக் கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கயிறு விறைத்து இழுபட்டுக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பால் சுற்றியுள்ள மரச்சட்டம் எப்போதும் நெருக்குண்டு நிற்கும். பார்வைக்குச் சும்மா கிடக்கிறது கட்டில். உண்மையில் அதற்குள் ஒரு கயிறு இழுக்கும் போட்டி இரவும் பகலும் நடக்கிறது. காரின் பின் கண்ணாடியும் அப்படித்தான். வெளித்தோலில் அமுக்குவிசை, நடுவில் இழுவிசை. தோலில் பூட்டி வைத்த அமுக்குவிசை எவ்வளவு தெரியுமா? உங்கள் நகம் அளவுள்ள ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 700 கிலோ எடையை வைத்தால் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு.

இதனால் என்ன லாபம்? கண்ணாடி அமுக்கினால் தாங்கும், இழுத்தால்தான் விரியும். அதுவும் ஒரு கீறல் இருந்தால் உடனே விரியும். துணிக்கடையில் கத்தரியால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு போட்டுவிட்டு 'சர்ர்' என்று கிழிப்பார்கள், கவனித்திருப்பீர்கள். வெட்டு இல்லாமல் அந்தத் துணியை எளிதில் கிழிக்க முடியாது. கண்ணாடியின் கீறலும் அந்தக் கத்தரி வெட்டு மாதிரிதான். ஆனால் இப்படிச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துப் பதப்படுத்திய கண்ணாடியில் தோல் எப்போதும் நெருக்குண்டு இருப்பதால் சின்னக் கீறல் வாய் திறக்க முடியாது. அதனால் அது சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு வலுவானது. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர் என்று 200 டிகிரி வித்தியாசம் வந்தாலும் தாங்கும்.

அப்படியானால் ரப்பர் பந்து இதை உடைக்குமா? உடைக்காது. வெயிலுக்குப் பின் பெய்த மழை உடைக்குமா? நல்ல கண்ணாடி என்றால் அதுவும் உடைக்காது.

ஆனால் இந்த வலுவுக்கு ஒரு விலை இருக்கிறது. ஏதாவது ஒரு கூர்முனை அந்தத் தோலைத் துளைத்து நடுப்பகுதியைத் தொட்டுவிட்டால், அங்கே காத்திருக்கும் இழுவிசை விரிசலை வாங்கி இழுத்துக்கொண்டு ஓடும். ஓடும் விரிசல் இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர்! கார்க் கண்ணாடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால்தான் நமக்கு ஒரே ஒரு 'டொப்' மட்டும் கேட்கிறது.

இந்த அதிசயத்தை மனிதர்கள் கார் வருவதற்கு முன்பே வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். உருகிய கண்ணாடியைச் சொட்டாகத் தண்ணீரில் விட்டால் தலைப்பிரட்டை மாதிரி ஒரு துளி கிடைக்கும். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலை லேசாக ஒடித்தால் மொத்தமும் தூளாகிவிடும். ரூபர்ட் இளவரசர் 1660-ஆம் ஆண்டுவாக்கில் இதை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்குக் காட்ட, மன்னர் அதை ராயல் சொசைட்டி அறிஞர்களிடம் ஆராயக் கொடுத்தார். அவர்களால் முழு விடையைச் சொல்ல முடியவில்லை. 1994-இல்தான் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சீனிவாசன் சந்திரசேகரும் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த முனவர் சௌத்ரியும் அதிவேகக் கேமராவில் அந்தத் துளி உடைவதைப் படம்பிடித்து, விரிசல் எப்படி ஓடுகிறது என்று காட்டினார்கள். முந்நூறு வருடக் கேள்விக்கு விடை தேடிய இருவரில் ஒருவர் சீனிவாசன் என்று படித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

கார்க் கண்ணாடியிலிருந்து உதிரும் துண்டுகள் சிறியவையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஐரோப்பிய விதிப்படி சோதனைக்கு உடைக்கும் கண்ணாடியில் 5 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து எண்ணுவார்கள். குறைந்தது 40 துண்டுகள் இருக்க வேண்டும். துண்டு சின்னதாக இருந்தால் குத்தி இறங்காது. அதற்காகக் கையில் அள்ளிவிடாதீர்கள். ஓரங்கள் தோலைக் கீறும், தூள் கண்ணில் விழும்.

இங்கே பையன் ஒரு கேள்வி கேட்டான். நல்ல கேள்வி. "அப்போ முன்னாடி இருக்கிற கண்ணாடியும் இப்படி உதிருமா மாமா?"

உதிராது. முன் கண்ணாடி வேறு சாதி. ஓடும் வண்டியில் ஒரு கல் தெறித்து முன் கண்ணாடி இப்படி வெள்ளையாகிவிட்டால் ஓட்டுநருக்குச் சாலையே தெரியாது. அதனால் அங்கே இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏட்டை வைத்து ஒட்டிவிடுகிறார்கள். சாண்ட்விச் மாதிரி. விரிசல் விழும், துண்டு விழாது. இதற்கு வித்திட்டவர் பிரான்சின் எத்துவார் பெனடிக்டஸ். 1903-இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை கீழே விழுந்தது. உடைந்தது, ஆனால் சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து ஏடாகப் படிந்து துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1909-இல் அவர் காப்புரிமை வாங்கினார். முன் கண்ணாடியில் கல் பட்டுச் சின்னப் புள்ளி விழுந்தால் பிசின் ஊற்றிச் சரிசெய்துவிடலாம். பின் கண்ணாடியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. விரிசல் என்றால் முழுசும் போயிற்று, மாற்றத்தான் வேண்டும்.

இப்போது மூலைக்கு வருவோம்.

அண்ணன் ஊருக்குப் போய் வந்தது நினைவுக்கு வர, அவரிடம் கேட்டேன், "ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஊர்லேர்ந்து என்ன கொண்டுவந்தே?" அவர் யோசித்தார். மடக்குக் கட்டில். இரும்புக் கால். பின்னால் திணித்துக் கதவைச் சாத்தியபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். கண்ணாடி உடையவில்லை, அதனால் மறந்துவிட்டார். அண்ணி மட்டும், "ஆமாங்க, கறுப்புப் பட்டை ஓரத்துல கடுகு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி இருந்துச்சு, எச்சம்னு நினைச்சு துடைச்சேன், போகலை" என்றார்.

அவ்வளவுதான். இரும்புக் கால் தோலில் ஒரு பள்ளம் போட்டுவிட்டது. நடுப்பகுதியை எட்டவில்லை, எட்டக் கொஞ்சம்தான் பாக்கி. இரண்டு வாரம் கதவு திறந்து மூடிய அதிர்வு, மேடுபள்ளக் குலுக்கல். கடைசியில் கொதித்த கண்ணாடிமேல் விழுந்த மழை, அந்தக் கடைசி மயிரிழையைத் தள்ளிவிட்டது. அண்ணன் நேரே பையனிடம் போய், "தப்பு என்னோடதுடா, மன்னிச்சுக்கோ" என்றார். அவனும் உடனே பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடவில்லை. அடுத்த நாள் கண்ணாடி மாற்ற வந்தவரோடு முழு நேரமும் உட்கார்ந்திருந்தான்.

கண்ணாடி போடுபவர் வந்ததும் முதலில் கேட்டது வண்டியின் பெயரை அல்ல. "டீஃபாகர் இருக்கா, வைப்பர் இருக்கா, ஏரியல் கண்ணாடியிலேயே ஓடுதா?" ஒரே மாடல் வண்டியிலேயே மூன்று நான்கு விதக் கண்ணாடி வரும். பதப்படுத்திய பிறகு ஒரு ஓட்டை போடக்கூட முடியாது, வெட்டவும் முடியாது. தொட்டால் உதிரும். அதனால் சரியானதைத்தான் வாங்க வேண்டும். நிறமும் முக்கியம். முன், பின் கண்ணாடிகள் வெளிச்சத்தில் 70 சதவீதமாவது உள்ளே விட வேண்டும் என்று நம் நாட்டு மோட்டார் வாகன விதி சொல்கிறது.

கையுறை மாட்டிக்கொண்டு, மீதிக் கண்ணாடியின் மேல் அகலமான டேப்பை ஒட்டி மொத்தமாகச் சரித்து எடுத்தார். பிறகு வேக்குவம். சீட்டின் இடுக்கு, ஸ்டெப்னி இருக்கும் குழி, பெல்ட் நுழையும் துவாரம் என்று தேடித் தேடி உறிஞ்சினார். கதவை லேசாக ஆட்டினால் உள்ளேயிருந்து 'கலகல' என்று சத்தம். கதவின் உள்கூட்டுக்குள் விழுந்தவை. பிளாஸ்டிக் அட்டையைக் கழற்றி அதையும் எடுத்தார். விட்டுவிட்டால் வண்டி ஓடும்போதெல்லாம் கிலுகிலுப்பை மாதிரி கேட்கும், தண்ணீர் வெளியேறும் துளையையும் அடைக்கும்.

பின் கண்ணாடியைப் பிடித்திருப்பது திருகாணி அல்ல, பசை. பாலியூரிதேன் என்று பெயர். பழைய பசையை முழுக்கச் சுரண்டவில்லை அவர். ஒரு மெல்லிய படலத்தை விட்டுவைத்தார். பழையதன்மேல் புதியது நன்றாகப் பிடிக்குமாம். சுரண்டும்போது பெயின்ட் கீறிய இடங்களில் பிரைமர் தடவினார், இல்லாவிட்டால் அங்கேயே துரு ஏறும். புதுக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை, அதன் உள்பக்கம் புள்ளிப் புள்ளியாகக் குறைந்து மறைகிறது. அழகுக்கு என்று நினைத்தோம். "இது பீங்கான் பூச்சு தம்பி. வெயில்ல இருக்கிற புறஊதாக் கதிர் பட்டா பசை செத்துப்போகும். இதுதான் குடை" என்றார்.

துப்பாக்கி மாதிரிக் கருவியில் பசையை ஒரே சீராக, இடையில் விடாமல், சுற்றிலும் முக்கோண வடிவில் பிழிந்தார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. கை நடுங்கவே இல்லை. எங்காவது ஒரு இடைவெளி விட்டால் மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும். பிறகு இரண்டு உறிஞ்சு கைப்பிடிகளை ஒட்டித் தூக்கி, ஒரே மூச்சில் வைத்து, நகராமலிருக்க டேப் போட்டார்.

"காயறதுக்கு ஃபேன் போடட்டுமா?" என்றான் பையன்.

இந்தப் பசை தண்ணீர் போய்க் காய்வது இல்லை. நேர்மாறு! காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டுதான் இறுகுகிறது. நம் கடலோரக் காற்று அதற்கு நல்ல தோது. இருந்தாலும் பசையின் தயாரிப்பாளர் சொன்ன நேரம் வரை வண்டியை எடுக்கக் கூடாது. ஓரிரு நாள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவக் கூடாது. பக்கக் கண்ணாடி ஒன்றைக் கொஞ்சம் இறக்கியே வைக்க வேண்டும். ஏன் தெரியுமா? எல்லாம் மூடிய வண்டியில் கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்று வெளியே போக வழி தேடும். இறுகாத பசையையும் புதுக் கண்ணாடியையும் அது வெளியே தள்ளும்.

கடைசியாக டீஃபாகர் வயர்களைச் செருகினார். பின் கண்ணாடியில் குறுக்கே செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகள் போகுமே, அவைதான் டீஃபாகர். வெள்ளி கலந்த குழம்பால் அச்சடித்துச் சுட்டவை. மின்சாரம் பாய்ந்தால் சூடாகி, படிந்த பனியை விரட்டும். அவரோ கண்ணாடிமேல் வாயால் ஊதினார். ஆவி படர்ந்தது. சுவிட்சைப் போட்டதும் ஒவ்வொரு கோட்டை ஒட்டியும் ஆவி விலகி, வரிக்குதிரை மாதிரிப் பட்டை பட்டையாகத் தெளிந்தது. ஒரு கோடு அறுந்திருந்தால் அந்தப் பட்டை மட்டும் மங்கலாகவே நிற்கும். மற்றவை வேலை செய்யும், ஏனென்றால் எல்லாம் பக்க இணைப்பில் இருக்கின்றன, வீட்டில் ஒரு பல்பு போனாலும் மற்றவை எரிவது போல. அறுந்த கோட்டை மட்டும் சரிசெய்ய மின்கடத்தும் பூச்சு கிடைக்கிறது. அதற்காகக் கண்ணாடியை மாற்ற வேண்டியதில்லை.

ஒன்று செய்து பாருங்கள். அப்பாவிடமோ அத்தையிடமோ போலரைஸ்டு வகைக் கூலிங் கிளாஸ் இருந்தால் வாங்கிப் போட்டுக்கொண்டு, நிற்கிற காரின் பின் கண்ணாடியைச் சாய்வாகப் பாருங்கள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தால் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரியும், சிறுத்தைத் தோல் மாதிரி. ஆலையில் குளிர்காற்றை ஊதிய அடையாளம் அது. பூட்டி வைத்த விசையை நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள். கண்ணாடியின் மூலையில் சின்ன எழுத்தில் 'டெம்பர்டு' என்றோ 'லேமினேட்டட்' என்றோ ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். முதலாவது கல்கண்டாக உதிர்வது, இரண்டாவது சாண்ட்விச். பேருந்தில் அவசரத்துக்கு மாட்டியிருக்கும் கூர்ச் சுத்தியல் முதல் வகைக்குத்தான் வேலை செய்யும். அதுவும் நடுவில் அல்ல, மூலையில் அடிக்க வேண்டும்.

உங்கள் வீட்டு வண்டியின் பின்கதவைச் சாத்துவதற்கு முன் உள்ளே இருக்கும் சாமான் எதுவும் கண்ணாடியை இடிக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். கண்ணாடியின் ஓரத்தில் துடைத்தும் போகாத கடுகளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால், நகத்தால் சுரண்டாமல், தட்டிப் பார்க்காமல், அன்றைக்கே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.